புங்க மரத்தடியில் இரண்டு நாற்காலி

2020இல் கொரோனாவோடு சேர்ந்து தமிழுக்குள் வந்து விழுந்த சொற்களில் எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போன சொல் ‘சமூக இடைவெளி’. டிவியில் அதுதான். ரேஷன் கடைச் சுவரில் அதுதான். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிப் போனதும் அதுதான். ‘சமூக இடைவெளியைக் கடைப்பிடிப்போம்.’ நீங்கள் எப்போது அதைக் கடைப்பிடிக்காமல் இருந்தீர்கள் என்று எங்கள் தெருவில் பலர் வாய்விட்டே கேட்டார்கள். ஊர் தனி, சேரி தனி, கிணறு தனி, சுடுகாடு தனி என்று வைத்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருந்ததா? உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் 20 வாக்கில் ‘சமூக’ என்பதை விட்டுவிட்டு ‘உடல் இடைவெளி’ என்று பேச ஆரம்பித்தது. உடம்புதான் தள்ளியிருக்க வேண்டும், மனுசருக்கு மனுசர் தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். இங்கே போஸ்டரில் பழைய சொல்லே ரொம்ப நாளைக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுவது சுலபம். கொரோனா விதியும் தீண்டாமையும் ஒன்றுதான் என்று மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவர்களும் உண்டு. ஒன்றல்ல. நோய்க்காக எட்டி நிற்பதில் நியாயம் இருக்கிறது. இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள், நோய் போனதும் கிட்டே வந்துவிடுகிறார்கள். சாதிக்காக நிற்பது ஒருத்தன் மட்டும், அதற்கு முடிவு தேதியும் கிடையாது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், வாழ்நாள் முழுக்க எட்டி நிற்க வைக்கப்பட்ட ஒருவருக்கு இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கின்றன. இதை நான் என் பெரியம்மா விசயத்தில் பார்த்தேன். முதியோர் இல்லத்தில் இருந்த அதை அந்த இரண்டு வருசமும் எப்படிப் போய்ப் பார்த்தோம், பார்க்க முடியாமல் இருந்தோம் என்பதைத்தான் எழுத வந்தேன்.

பெரியம்மா வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தது. 1964இல் தினக்கூலியாகச் சேர்ந்து, பிறகு நிரந்தரமாகி, 2000இல் ஓய்வு பெற்றது. அந்த வேலைக்குக் காகிதத்தில் பெயர் மாறிக்கொண்டே வந்தது. வேலை மாறவில்லை. பெட்பேன் எடுப்பது, வாந்திபேதி வார்டில் தரை கழுவுவது, ரத்தத் துணி அலசுவது, டிபி வார்டில் சளி டப்பாவில் பினாயில் ஊற்றி எடுத்துப்போய்க் கொட்டுவது. வைசூரியும் இருந்த காலம் அது. இந்தியாவில் 1975இல்தான் அது ஒழிந்தது. அத்தனைக்கும் நடுவில் 36 வருசம் புழங்கிவிட்டு ஒரு நோயும் ஒட்டாமல் வீட்டுக்கு வந்தது. எப்படி என்று கேட்டால் சாமியைக் காட்டாது.

“கைய கழுவணும். ஜன்னல தொறந்து வெக்கணும். சளி டப்பாவ மூஞ்சிக்கு நேரா தூக்கக் கூடாது. அவ்ளோதான் பாப்பா.”

இந்தக் கை தொட்ட குவளையை ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த டீக்கடைக்காரன் தனியாக ஆணியில் மாட்டி வைத்திருந்தான். நோயாளியைத் தொடுகிற கை என்பதற்காக இல்லை. டாக்டரும்தான் நோயாளியைத் தொட்டார். அவருக்குக் கண்ணாடி கிளாசில் டீ போனது.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் சாயந்தரம் 4 முதல் 6 வரை. அந்த இரண்டு மணி நேரத்தை 36 வருசம் பார்த்த ஆள் பெரியம்மா. அதைப் பற்றி அது சொல்வதை நான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன்.

“பாக்க வர்றவங்க ரெண்டு தினுசு. ஒருத்தரு வாசப்படியிலயே நின்னுகினு, கர்ச்சீப்ப மூக்குல வெச்சிகினு, நல்லாகீறியான்னு கேட்டுட்டு பழத்த என் கையில குடுத்துட்டு போயிடுவாங்க. இன்னொருத்தரு உள்ள வந்து கட்டில்ல ஒக்காந்து, கால புடிச்சி வுட்டுட்டு, போவ சொல்ல கொழாயில கை கழுவிகினு போவாங்க. நோவு ரெண்டாவது ஆளுக்குத்தான ஒட்டணும்? அப்டி ஒண்ணும் ஒட்டல.”

இதை அப்படியே விஞ்ஞானமாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஒட்டினது பெரியம்மாவுக்குத் தெரியாமலும் போயிருக்கும். ஆனால் இதே கேள்வியை ஆராய்ச்சியாகவே எடுத்துச் செய்த இடம் சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சென்னையின் ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மாத்திரை கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகமாகவில்லை. உலகமே காசநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்த பழக்கத்தை அந்த முடிவு அசைத்தது. மருந்து சரியாகப் போனால், காற்று வந்தால், மனுசனை விலக்கி வைக்கத் தேவையில்லை என்பது அதற்குப் பொருள். இது டிபிக்குச் சொன்னது. கொரோனா வந்தபோது மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை, அது வேறு.

பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பா எப்போதோ போய்விட்டார். என் அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்ததும் பெரியம்மாதான். 2017இல் இடுப்பெலும்பு முறிந்தது. சென்னையில் நான் இருப்பது லிப்ட் இல்லாத ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. ஒரு மாசம் இருந்து பார்த்துவிட்டு, “என்னிய எறக்கி வுட்டுடு பாப்பா, நான் மண்ணுல கால் வெக்கணும்” என்று சொல்லி, தன் பென்சன் பணத்தில் தானே கேட்டுச் சேர்ந்துகொண்டது அந்த இல்லத்தில். வாலாஜா பக்கம், கன்னியாஸ்திரிகள் நடத்துவது. நாற்பது சொச்சம் பேர். பெண்களுக்கு ஒரே பெரிய ஹால், கட்டிலுக்குக் கட்டில் மூன்றடி.

அங்கேயும் சாதி இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பக்கத்துக் கட்டில் அம்மா, ஊர்த்தெருக்காரர், முதல் வாரமே தன் கட்டிலைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டார். சிஸ்டர் மறுத்துவிட்டார். கட்டில் நகரவில்லை. அந்த அம்மா தன் எவர்சில்வர் டம்ளரில் சிவப்பு நெயில் பாலிசால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டார். நான் மாசத்துக்கு ஒருதரம் உப்புக்கண்டம் வறுத்து எடுத்துப்போனால் ஹால் முழுக்க மூக்கைப் பொத்துவார்கள். பெரியம்மா வேண்டுமென்றே மெதுவாகத் தின்னும்.

2020 மார்ச் 24 சாயந்தரம் கதவைச் சாத்தினார்கள். அதில் எனக்கு அப்போதும் குறை இல்லை, இப்போதும் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லாந்து என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் பிப்ரவரி கடைசியில் நோய் புகுந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அதே கதை. வயசானவர்கள், ஒரே கூரை, ஒரே சாப்பாட்டு மேசை, தூக்கி உட்கார வைக்கிற ஒரே நாலு கை. அறிகுறியே காட்டாமல் பரவுகிற நோய்க்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. மார்ச் 13ஆம் தேதியே அமெரிக்கா தன் நாட்டு இல்லங்களில் பார்வையாளர்களை நிறுத்திவிட்டது.

சாத்தியது சரி. எப்போது, எப்படித் திறப்பது என்று யாரும் யோசிக்கவில்லை என்பதுதான் என் புகார். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம் என்றால் விண்ணப்பிக்கலாம். உயிரோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. செத்திருந்தால் போயிருக்கலாம். நெதர்லாந்தில் 2020 மே மாசமே 26 இல்லங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு முதியவருக்குக் குறிப்பிட்ட ஒரே ஆள் என்று அனுமதித்து, என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். இங்கே ஆறு மாசம் ஆபீஸ் போன் ஒன்றுதான். நாற்பது பேருக்கும் அது ஒன்று. பெரியம்மாவுக்குக் காது மந்தம். “ஆ? ஆ?” என்று கேட்டே அஞ்சு நிமிசம் போய்விடும். ஜூலையில் ஒருநாள், “நீ இன்னா தூரமாயிட்டியா பாப்பா?” என்று கேட்டது. வீட்டு விலக்கு என்பதற்கு எங்கள் பக்கம் சொல்லும் சொல் அது. கேலியாகத்தான் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 1இல் மாவட்டங்களுக்குள் இ-பாஸ் போனது. 7ஆம் தேதி வெளிமாவட்டப் பஸ் விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து, வாயைக் கட்டிக்கொண்டு, வழியில் எதுவும் தின்னாமல் போனேன். இல்லத்தில் விதி போட்டு அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். பத்து நிமிசம். கிரில் கேட்டுக்கு வெளியே. கொண்டுவந்ததை மதில்மேல் வைக்க வேண்டும், ஆயா எடுத்துக்கொள்வார்.

பெரியம்மாவை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்து வராந்தாவில் நிறுத்தினார்கள். எனக்கும் அதற்கும் நடுவில் கேட்டு, முற்றம், ஒரு இருபதடி. நான் ரோட்டில், வெயிலில், சாக்கடைக் கல்மேல் நிற்கிறேன். முகக்கவசத்தால் என் வாய் அசைவதும் அதற்குத் தெரியவில்லை. நான் கத்தக் கத்த அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பொட்டலத்தை மதில்மேல் வைத்தேன். ஆயா வந்து துணியால் பிடித்து எடுத்தார். அதைப் பார்த்ததும் பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது. ‘உள்ள தள்ளு’ என்று ஆயாவுக்குக் கையைக் காட்டியது. பத்து நிமிசத்தில் நாலு நிமிசம்கூட ஆகவில்லை.

மறுநாள் போனில் சொன்னது:

“எங்க ஆயா காலத்துல களத்துல நெல்லு அப்டித்தான் போடுவான். மேட்டுல நின்னுகினு முந்தானியில கொட்டுவான். தண்ணின்னா ரெண்டு கையும் சேத்து புடிக்கணும், மேலேருந்து ஊத்துவான். நானே குடிச்சிகீறேன். நீ படிச்சி ஆபீசு போயி, நீயும் ரோட்ல நின்னு, செவுத்துமேல வெச்சிட்டு போறியே. எனக்கு தாங்கல.”

நான் நோயைப் பற்றிச் சொன்னேன். அதற்குத் தெரியாததா? “நோவுக்கு எட்டி நிக்கணும்னு எனக்கு சொல்றியா” என்று சிரித்தது. பிறகுதான் விசயம் வெளியே வந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை, டம்ளரில் பொட்டு வைத்த அம்மாவின் மகன் காரில் வந்திருக்கிறார். அவரை கேட்டில் நிறுத்தவில்லை. விசிட்டர் ரூமில் சோபாவில் உட்கார வைத்து, ஏசி போட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தி, அம்மாவும் மகனும் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அவர் இல்லத்துக்கு நன்கொடை தருபவர்.

“எல்லாரையும் ரோட்ல நிக்க வெச்சா சரி, நானும் நிக்கறேன். நோவுக்கு சோபா தெரியுமா, சேரி தெரியுமா?”

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரியாதை கிடைத்த இடம் அந்த ஏசி ரூம். நோய்க்குத் தோதான இடமும் அதுதான். சீனாவில் குவாங்சோ நகரத்தில் 2020 ஜனவரியில் ஜன்னல் இல்லாத ஒரு ஏசி ஓட்டலில், பக்கத்துப் பக்கத்து மேசையில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் 10 பேருக்கு நோய் கண்டது அந்த வருசமே ஆராய்ச்சியாக வெளிவந்திருந்தது. மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இது காற்றில் பரவும் நோய் அல்ல என்று அடித்துச் சொன்னது. மூடிய இடத்தில் காற்றில் மிதந்தும் பரவும் என்று அதே நிறுவனம் தெளிவாக ஒப்புக்கொள்ள 2021 ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. அதுவரைக்கும் நாம் கதவுப் பிடியையும் காய்கறியையும் துடைத்துக்கொண்டிருந்தோம், ஜன்னலைத் திறக்கவில்லை. ரோட்டில் நின்ற என்னிடமிருந்து யாருக்கும் எதுவும் போயிருக்காது. அவமானம்தான் போயிற்று.

பெரியம்மாவுக்கு இந்த ஆராய்ச்சி ஒன்றும் தெரியாது. டிபி வார்டு தெரியும். இரண்டு நாள் கழித்து சிஸ்டரைக் கூப்பிட்டு வைத்துப் பேசியிருக்கிறது. சிஸ்டரே பிறகு எனக்குச் சொன்னார்.

“சிஸ்டரம்மா, எங்க வார்டுல பாக்க வந்தவங்கள மரத்தடியில ஒக்கார வெப்பாங்க பெரிய டாக்டரு. டிபிகாரரையும் அங்கயே கூட்டியாந்து வுடுவோம். பின்னால புங்க மரம் கீதே, அங்க ரெண்டு நாற்காலி போடு. அந்த ரூம பூட்டிடு. கார்ல வந்தாலும் அங்கதான், நடந்து வந்தாலும் அங்கதான்.”

சிஸ்டர் உடனே சரி என்று சொல்லவில்லை. நன்கொடையாளர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் அவருக்கு. அதை வெளியே சொல்லாமல், மரத்தடியில் எறும்பு, காகம் எச்சமிடும், மழை வரும் என்று காரணங்கள் சொன்னார். பெரியம்மா விடவில்லை. மருத்துவமனை வேலையில் இருந்தவள் சொல்கிறேன், அந்த ரூமில் ஒருத்தர் இருமினால் உங்கள் ஹாலே போய்விடும் என்று பயமுறுத்தியே சாதித்தது. அக்டோபர் முதல் வாரத்திலிருந்து ரூம் பூட்டப்பட்டது. காரில் வந்த மகனும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருதரம் முணுமுணுத்தார் என்று கேள்வி. பிறகு பழகிவிட்டார்.

அப்படி அக்டோபரிலிருந்து 2021 மார்ச் வரைக்கும் எட்டு முறை நான் போய்ப் பார்த்தேன். எப்படிப் பார்த்தோம் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திக்கொள்வேன். ஒருமுறை தொண்டை கரகரத்தது, போகவில்லை. கொரோனா இல்லை என்று பிறகு தெரிந்தது, ஆனாலும் போகாதது நல்லதுதான். பஸ்சில் ஜன்னலை யாராவது சாத்தினால் சண்டை போட்டுத் திறப்பேன். இல்லத்துக்கு வெளியே குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு புது முகக்கவசம் மாட்டிக்கொள்வேன். பெரியம்மாவும் கட்டியிருக்கும். ‘நீ மட்டும் கட்டினா எனக்கு ஒரு மாதிரி கீது’ என்று அதுவே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. நாற்காலி இரண்டும் ஒரே உயரம், நடுவில் ஆறடி. நாற்காலியை நேருக்கு நேர் போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்டுக்கொள்வோம், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து. இதையும் பெரியம்மாதான் சொன்னது. புங்க இலை ஆடுவதைப் பார்த்துச் சொல்லும்.

காதுதான் பிரச்சினை. கத்திப் பேசினால் எச்சில் தெறிக்கும், அது ஆபத்து. மெதுவாகப் பேசினால் கேட்காது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். பழைய பட்டன் போன் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தேன். ஆறடி தூரத்தில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு நான் அதற்கு போன் போடுவேன். சத்தத்தைக் கூட்டிக் காதில் வைத்துக்கொள்ளும். என் முகத்தைப் பார்த்தபடியே போனில் பேசும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் என்று தோன்றும். அந்தப் போனில்தான், எதிரே உட்கார்ந்தே, என் அம்மாவின் கல்யாணக் கதையை முதல்முறையாக முழுசாகக் கேட்டேன்.

பொட்டலத்தை மதில்மேல் வைப்பதை நிறுத்தினார்கள். நடுவில் ஒரு ஸ்டூல். நான் வைத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்ததும் பெரியம்மாவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், தானே எடுத்துக்கொள்ளும். அது எனக்கென்று முறுக்கு, கடலை மிட்டாய் என்று ஏதாவது ஸ்டூலில் வைக்கும், நான் போய் எடுத்துக்கொள்வேன். இரண்டு பேரும் வைத்தோம், இரண்டு பேரும் எடுத்தோம். அதற்கப்புறம் பெரியம்மா முகத்தைத் திருப்பவில்லை.

தொடாமல் இருந்ததுதான் கஷ்டம். சாவித்திரிபாய் புலேயை இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1897இல் புனே பக்கம் பிளேக் வந்தபோது, தீண்டப்படாதவர் குடியிருப்பிலிருந்து நோய் கண்ட ஒரு பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, தன் மகன் நடத்திய சிகிச்சை முகாமில் சேர்த்தார். அந்த நோயிலேயே மார்ச் 10 அன்று இறந்தார். அவரைக் கும்பிடுகிறோம். ஆனால் அன்போடு பார்க்கப் போகிற ஒவ்வொருவரும் சாகத்தான் வேண்டும் என்றோ, சாகாமல் இருக்க வேண்டுமானால் ரோட்டில் நின்று திரும்பத்தான் வேண்டும் என்றோ வைத்தால் அது என்ன ஏற்பாடு? நடுவில் எவ்வளவோ வழி இருக்கிறது. ஆறு நாற்காலியும் ஒரு மரமும் போதும் பல வழிகளுக்கு.

2021 மார்ச் 1இல் 60 வயசு தாண்டியவர்களுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். மார்ச் நடுவில் இல்லத்திலிருந்து வேன் வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். பெரியம்மா முதல் வேனில் போனது. பொட்டு வைத்த அம்மா பயந்துகொண்டு போகவில்லை. ஊசி போட்டுக்கொண்டால் செத்துவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னதை மகன் நம்பியிருந்தார்.

ஏப்ரலில் இரண்டாம் அலை. கேட்டை மறுபடி பூட்டினார்கள். ஆனாலும் நோய் உள்ளே வந்தது. எப்படி வந்தது? பார்வையாளர்கள் கொண்டுவரவில்லை. இல்லத்தில் வேலை பார்த்த ஆயாக்கள் ஆறு பேர். ஆறு பேரும் நம் பெண்கள், பக்கத்துக் காலனி. ஷேர் ஆட்டோவில் வருவார்கள். நாள் கணக்குச் சம்பளம். வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. அதில் ஒருத்தி காய்ச்சலோடு இரண்டு நாள் வந்திருக்கிறாள். மாத்திரை போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல். மூன்றாம் நாள் சுருண்டு விழுந்தாள். ஹாலில் அத்தனை பேரும் அவளைத் திட்டினார்கள். பெரியம்மா மட்டும் கேட்டதாம், “ரெண்டு நாளு கூலி நீ குடுத்து ஊட்ல இருன்னு சொன்னியா?” கிர்க்லாந்தில் என்ன நடந்தது என்று விசாரித்தவர்களும் இதைத்தான் எழுதினார்கள். அறிகுறியோடு ஊழியர்கள் வேலைக்கு வந்தார்கள், பிழைப்புக்காக ஒரே ஆள் இரண்டு மூன்று இல்லங்களில் வேலை பார்த்தார் என்று. வாஷிங்டனானாலும் வாலாஜாவானாலும் துடைக்கிற கைக்கு லீவு கிடையாது.

மூன்று பேர் இறந்தார்கள். பொட்டு வைத்த அம்மாவும் அதில் ஒருத்தர். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காத வாரம் அது. ஆக்சிஜன் சிலிண்டருக்கு சிஸ்டர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்து பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. எழுந்துபோக முடியாது. அந்த அம்மாவைப் புரட்டிப் போடவும், ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுக்க வைக்கவும் ஆயாப் பெண்ணுக்கு வாயாலேயே சொல்லிக்கொடுத்தது. “தண்ணி தண்ணின்னு கேட்டுகினே இருந்துச்சி பாவம். அந்தப் பொண்ணு குடுத்துது. எந்த டம்ளருன்னு கேக்கல” என்று பிறகு சொன்னது. குரலில் வஞ்சம் இல்லை.

மகன் வர முடியவில்லை, அவருக்கும் தொற்று. பிணத்தைப் பையில் சுற்றி எடுத்துப்போனவர்கள் நாலு துப்புரவுத் தொழிலாளர்கள். முந்தின வருசம் ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரைப் புதைக்க விடாமல் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. அதைக் கேட்டு ஊரே அதிர்ந்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் சுடுகாட்டுக்கு வழிவிடாததால் நம் சனங்கள் ஒரு பிணத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அதற்கு எத்தனை பேர் அதிர்ந்தார்கள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மாவுக்கும் லேசாகக் காய்ச்சல் வந்து போனது. மே முதல் வாரம் இரண்டாவது ஊசியும் போட்டிருந்தது. எனக்கு இரண்டாவது ஊசி ஜூலையில். ஜூலை கடைசியில், பதினாலு நாள் கழிந்த பிறகு, போனேன். மரத்தடியில்தான். கை கழுவிவிட்டு வந்து நின்றேன். “காட்டு” என்றது. பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பது மாதிரி இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. பிறகு பின்னால் நின்று தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டேன். பின்னால் நிற்பதால் மூச்சு நேராகப் படாது என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னது. ஒன்றரை வருசச் சிக்கு இருந்தது தலையில்.

பெரியம்மா 2023இல் இறந்தது. கொரோனாவில் இல்லை, வயசாகி, தூக்கத்தில். அந்த வருசம் மே மாசம்தான் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது.

இன்னொரு நோய் வராது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற தோழர்கள் பலர் யூனியனில் இருக்கிறீர்கள், சட்டம் படிக்கிறீர்கள். அதனால் இதை உங்கள் முன் வைக்கிறேன். முதியோர் பராமரிப்புக்கென்று 2007இல் வந்த சட்டம் மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, 150 பேருக்குக் குறையாமல், அரசு அமைக்கலாம் என்கிறது. கட்டடம் பற்றிப் பேசுகிற அளவுக்கு அங்கே இருப்பவரை யார், எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதையும் பேச வைக்க வேண்டும். கதவைப் பூட்டுகிற உத்தரவிலேயே எப்போது திறப்பது என்பதும் இருக்க வேண்டும். ஒரு முதியவருக்கு ஒரு ஆள் என்று பெயர் எழுதி வைத்தால், அந்த ஆளை ஆயாவுக்குச் சமமாகக் கணக்கில் எடுத்து, ஊசியும் கவசமும் கொடுத்து உள்ளே விடலாம். காரில் வந்தவருக்கும் பஸ்சில் வந்தவருக்கும் ஒரே இடம். அந்த இடத்துக்குக் கூரை இருந்தால் போதும், சுவர் வேண்டாம்.

ஆயாக்களுக்குக் காய்ச்சல் என்றால் ஏழு நாள் சம்பளத்தோடு லீவு என்று அந்த இல்லத்தில் 2021 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டார்கள். சிஸ்டரிடம் அதையும் பெரியம்மாதான் பேசி வாங்கியது. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தபோது இரண்டு பேர் அந்த லீவை எடுத்தார்கள். பக்கத்து ஊர்களில் இருக்கும் மற்ற இல்லங்களில் வேலை பார்க்கும் நம் பெண்களிடம் விசாரித்தேன். இன்னும் நாள் கணக்குச் சம்பளம்தான்.